நூலில் மூன்று முடிச்சு

(திருச்சி எடமலைப்பட்டி புதூர் கண்ணாடிக் கடைக் குறிப்பேட்டிலிருந்து)

துப்பாக்கி சுடுகிற பெரியவர்கள் கண்ணாடி கேட்டு வந்தால் முதலில் ஒரு நூல் கொண்டுவரச் சொல்லி அனுப்புகிறேன். வீட்டில், மருந்து கெட்டிக்காத வெறும் துப்பாக்கியைத் தோளில் வைத்துக் கன்னத்தை அண்டக் கொடுத்து நிற்க வேண்டும். கூட இருப்பவர் கண்ணோரத்தில் ஒரு முடிச்சு, பின்குறி இருக்கும் இடத்தில் ஒரு முடிச்சு, குழல் நுனியில் முன்குறிக்கு நேராக ஒரு முடிச்சு போட வேண்டும். நூலைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தால் போதும். துப்பாக்கி வீட்டில் பூட்டியே இருக்கட்டும்.

*

பச்சைமலை அடிவாரத்துக்காரர் ஒருவர். அப்பா காலத்து உரிமம். காட்டுப் பயிர்ப் பாதுகாப்புக்கென்று வாங்கியது. வாய்வழியாக மருந்து போட்டுக் கெட்டிக்கிற ஒற்றைக்குழல். உரிமப் புத்தகத்தில் எஸ்.பி.எம்.எல். என்று இருக்கும்.

"முன்னெல்லாம் மூணும் ஒரே கோட்டுல பளிச்சுன்னு நிக்கும் தம்பி. இப்பப் பின்னாடி இருக்கிறது பஞ்சு மாதிரி கெடக்குது. நுனியில இருக்கிறது ரெண்டாத் தெரியுது. அட்டை மட்டும் நல்லாத் தெரியுது."

"எழுத்துப் படிக்கிற கண்ணாடி போட்டுப் பாத்தீங்களா ஐயா?"

"பாத்தேன். பின்னாடி இருக்கிறது தெளிஞ்சுது. மத்ததெல்லாம் போச்சு."

நோயை அவரே சொல்லிவிட்டார். நூலை மேஜையில் நீட்டி அளந்தேன். கண்ணிலிருந்து பின்குறிக்கு 42 செ.மீ., முன்குறிக்கு 118 செ.மீ. குறி அட்டை 50 மீட்டரில்.

*

கணக்கு. ஒரு தூரத்தைக் கண் தெளிவாகப் பிடிக்க எவ்வளவு வளைய வேண்டும் என்பதை டயாப்டரில் சொல்கிறோம்; 1-ஐ மீட்டரால் வகுத்தால் வருவது. பின்குறிக்கு 2.4. முன்குறிக்கு 0.85. அட்டைக்கு 0.02, அதாவது ஒன்றுமில்லை. இருபது வயதுக் கண்ணுக்குச் சராசரியாகப் பத்து டயாப்டருக்கு மேல் கையிருப்பு உண்டு. மூன்று இடத்துக்கும் கண் மாறி மாறித் தாவுவது அப்போது தெரியவே தெரியாது. நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து. அறுபதில் மிஞ்சுவது ஒன்றுக்கும் குறைவு. கண்ணுக்குள் இருக்கும் வில்லை இறுகிவிடுகிறது. பயிற்சியாலும் கேரட்டாலும் அது இளகாது. எத்தனையோ பேர் இதற்காகக் கண் உடற்பயிற்சி செய்து மாதங்களைத் தொலைப்பதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. வயதாக ஆகக் கண்மணி சிறுத்துப்போகிறது, வில்லை மஞ்சளிக்கிறது. இருபது வயதுக்காரர் விழித்திரைக்குப் போகும் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக்காரருக்குப் போய்ச் சேரும். மாலை ஐந்தரைக்கு மேல் குறி தெரியவில்லை என்று சொல்பவர்களிடம், கண்ணாடியை மாற்றுவதற்கு முன் நேரத்தை மாற்றச் சொல்கிறேன்.

*

மூன்றில் ஒன்றுதான் தெளிவாகும் என்றால் எது? முன்குறி. பெரியவரின் துப்பாக்கியில் இரண்டு குறிக்கும் நடுவே 76 செ.மீ. முன்குறி ஒரு மில்லிமீட்டர் விலகினால் 50 மீட்டரில் குண்டு ஆறரை சென்டிமீட்டர் விலகிப்போகும். அட்டை மங்கினாலும் வட்டத்தின் நடுவைக் கண் ஓரளவு சரியாகவே கண்டுபிடித்துவிடும். மங்கலான வட்டத்துக்கும் நடு நடுதான். முன்குறி மங்கினால் அந்தப் பிழை அட்டைவரை பெருகிக்கொண்டே போகும்.

*

ஆகவே அவருக்குக் கொடுத்தது: தூரப்பார்வை பவரோடு +0.50 கூட்டி ஒற்றைப் பவர் கண்ணாடி. முன்குறியின் 0.85-க்கும் அட்டையின் 0.02-க்கும் ஏறத்தாழ நடுவில் வந்து நிற்கிற எண் அது. முன்குறி கறுப்பாக நிற்கும், அட்டையும் அதிகம் கெடாது. சோதனைச் சட்டத்தில் +0.25, +0.50, +0.75 மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டு, 118 செ.மீ. தள்ளி ஒரு ஆணியும் கடை வாசலுக்கு எதிரே இருக்கும் பெயர்ப்பலகையும் வைத்துப் பார்க்கச் சொன்னேன். +0.75-ல் ஆணி இன்னும் கூர்மை, பலகை கரைந்தது. +0.50 போட்டதும், "இதுதான்" என்று அவரே சொன்னார்.

தூரப்பார்வைக்கு -1.00 போடுகிறவருக்கு இது -0.50 ஆகும். கடைத்தெருவில் விற்கும் +2.50 ரெடிமேட் 40 சென்டிமீட்டரைப் பிடிக்கும். பின்குறி பளிச்சென்று இருக்கும், வேண்டியது இரண்டும் போய்விடும்.

*

புரோகிரசிவ் கண்ணாடி இந்த வேலைக்கு ஆகாது. கன்னத்தைக் கட்டையில் சாய்த்தால் கண் வில்லையின் மேல்மூலையில், மூக்கோரமாகப் பார்க்கிறது. அங்கே உருவம் வளையும். வில்லையின் மையத்தை அந்த மூலைக்கு நகர்த்தி வெட்டித் தர வேண்டும். போட்டிக்காரர்கள் அணியும் ஜெர்மனியின் நோப்ளோக், சுவிஸ் நாட்டுச் சாம்பியன் சட்டங்களில் வில்லையை நகர்த்த ஆணிகள் உண்டு. அவ்வளவு செலவு எல்லோராலும் முடியாது. சாதாரணச் சட்டத்திலேயே, சுடும் நிலையில் உட்காரவைத்துக் கண் பார்க்கும் இடத்தை மையால் புள்ளிவைத்து, அங்கே மையம் வரும்படி வெட்டினால் வேலை முடிந்தது.

*

இனி ஓட்டை. எனக்கு இந்த விஷயத்திலேயே ரொம்பப் பிடித்தது இதுதான்.

சின்ன ஓட்டை வழியாகப் பார்த்தால் கிட்டத்திலும் தூரத்திலும் ஒருசேரத் தெளிவு கூடும். சிதறி வரும் கதிர்களை ஓட்டையின் விளிம்பு தடுத்துவிடுகிறது, மங்கல் சுருங்குகிறது. பீப் சைட் செய்வது அதைத்தான். பின்குறியில் வி வெட்டுக்குப் பதிலாக ஒரு வளையம், வளையத்தில் ஒரு துளை. துளையை உற்றுப் பார்க்கவே கூடாது. அதன் ஊடாகப் பார்த்தால் முன்குறியைக் கண் தானாகவே நடுவில் கொண்டுவந்து வைக்கும். பார்க்க வேண்டியவை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்துவிடுகின்றன. போட்டித் துப்பாக்கியில் துளை ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும், திருகினால் விரியும் சுருங்கும். வயல்வெளியில் அது இருட்டு. அங்கே மூன்று நான்கு மில்லிமீட்டர் வளையம் நல்லது. தெளிவு கொஞ்சம் குறையும், வெளிச்சம் கிடைக்கும்.

வாய்வழித் துப்பாக்கியில் இதை வைக்க நல்ல இடம் குழலின் வால்பகுதி, கட்டைக்கு மேலே கைப்பிடியை ஒட்டி. ஆனால் பின்னுதைப்பில் கண்ணை இடிக்காத தூரம் வேண்டும். வி வெட்டே போதும் என்பவர்கள் பின்குறியைக் குழலில் முன்னுக்குத் தள்ளிவைக்கலாம், 42 செ.மீ. 60 ஆனால் 2.4 டயாப்டர் 1.7 ஆகிறது, மங்கல் குறைகிறது. குறிகளுக்கு இடைத்தூரம் குறைவதால் துல்லியம் கொஞ்சம் போகும். எதுவானாலும் துப்பாக்கியில் கைவைப்பது உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் வேலை. ஆயுதச் சட்டம் (1959) அப்படித்தான் சொல்கிறது. பட்டறையில் கொடுத்துக் குழலில் துளைபோட்டால் சட்டமும் உடையும், குழலும் உடையும்.

*

துப்பாக்கியைத் தொடாமலே ஓட்டை வைக்கலாம். கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் நகக்கண் அளவு ஒரு துண்டு. தடித்த கோணி ஊசியைச் சூடாக்கி நடுவில் குத்தினால் ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சுத்தமான வட்டம் விழும். பிசிறு இருந்தால் அந்தப் பிசிறே கண்ணில் தெரியும், இன்னொரு துண்டு எடுக்க வேண்டும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சுடும் நிலையில் ஒரு கட்டையைத் தோளில் வைத்துக் கன்னம் சாய்த்த பிறகு, இன்னொருவர் துண்டைப் பிடித்து மெல்ல நகர்த்த வேண்டும். நுனி கறுத்துத் தெளியும் இடத்தில் அழுத்தி ஒட்ட வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்தால் டேப் பார்வைக்கு மேலே போய்விடும். நடக்கலாம், மருந்து அளக்கலாம். இதையே திருகி விரிக்கும் இதழ்த்தட்டாகவும் விற்கிறார்கள். டேப் போதும்.

*

கே.கே. நகர் இங்கிருந்து கூப்பிடு தூரம். அங்கே ரைபிள் கிளப்பில் 2022 ஜூலையில் 47-வது மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டி நடந்தபோது தெருவெல்லாம் கூட்டம், நடிகர் அஜித்குமார் வந்திருந்தார் என்பதற்காக. நான்கு தங்கம், இரண்டு வெண்கலம் வாங்கிப் போனார். எனக்கு முக்கியமாகப் பட்டது அவருக்கு அப்போது 51 வயது என்பது. வெள்ளெழுத்து வயதில் பிஸ்டல். பிஸ்டல் குறியில் ஓட்டைக்கு அனுமதி கிடையாது, திறந்த வெட்டுதான். நீட்டிய கையின் நுனியில் முன்குறி. இந்த வயதுக்காரர்கள் கண்ணாடியில்தான் வழி தேட வேண்டும். அதிலும் மூடும் கண்ணுக்குப் போடும் மறைப்பு 30 மி.மீ. அகலத்தைத் தாண்டக் கூடாது. ஒரு கண்ணை இறுக்கி மூடுவதைவிட மங்கலான வெள்ளை மறைப்பு நல்லது. இறுக்கினால் திறந்த கண்ணும் சேர்ந்து சுருங்கும்.

உத்தரப் பிரதேசத்து ஜோஹ்ரி கிராமத்தில் சந்த்ரோ தோமர் பிஸ்டலைக் கையில் எடுத்தபோது 65 வயது தாண்டியிருந்தது. பேத்தியைப் பயிற்சிக்குக் கூட்டிப்போன பாட்டி. 2021 ஏப்ரலில் கொரோனாவில் இறந்தார். ஸ்வீடனின் ஆஸ்கர் ஸ்வான் 1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கியபோது வயது 72. கடையில் "இந்த வயசுல என்னத்துக்கு" என்று மகன்கள் சொல்லும்போது இந்த இருவரையும் சொல்கிறேன்.

*

பொன்மலைப் பக்கம் போகும்போதெல்லாம் தோன்றுவது. 1753-ல் அங்குள்ள பாறையைச் சுற்றி ஸ்ட்ரிங்கர் லாரன்ஸின் படையும் பிரெஞ்சு-மைசூர்ப் படையும் மோதின. இங்கிலீஷ்காரர்கள் கையில் இருந்த மஸ்கெட்டுக்குப் பின்குறியே கிடையாது. நுனியில் ஈட்டிக்கத்தி மாட்டும் ஒரு புடைப்புதான் முன்குறி. வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுட்டார்கள். தனியொருவர் கண்ணுக்கு அதில் வேலை குறைவு.

நம் நாட்டுத் துப்பாக்கிகளில் பல இன்றும் அந்த வம்சம். நுனியில் ஒரு மணி, அவ்வளவுதான். தேவராயநேரிப் பக்கத்து நரிக்குறவர் பெரியவர்கள் வந்தால் நூலில் இரண்டு முடிச்சுதான் இருக்கும். பின்குறி இல்லாத துப்பாக்கியில் கண்ணேதான் பின்குறி. கன்னம் கட்டையில் எங்கே படிகிறதோ அங்கே கண் நிற்கும். கண்ணாடிச் சட்டத்தின் கீழ்விளிம்பு கன்னத்தைத் தூக்கினால் கண்ணும் உயரும், ரவை மேலே போகும். அவர்களுக்குச் சட்டம் தேர்ந்தெடுக்கும்போது கீழ்விளிம்பில்லாத நைலான் நூல் சட்டமாகப் பார்த்துக் கொடுக்கிறேன். பவர் கணக்கு அவர்களுக்கு எளிது: மணியும் இலக்கும், இரண்டே தூரம்.

தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கியோடு வாழ்ந்தவர்கள். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை போய் பாசிமணி வந்தது. பழங்குடிப் பட்டியலில் அவர்களைச் சேர்த்தது 2023 ஜனவரியில்தான். அதற்குள் எத்தனை பெரியவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பாசி கோக்க ஊசிக்காது தெரியவில்லை என்று வருகிறவர்களே இப்போது அதிகம்; அதற்கு வேறு பவர், முழங்கை மடித்த தூரம்.

*

சின்னச் சின்னதாக:

உச்சி வெயிலில் முன்குறி பளபளத்தால் வெயில் விழும் பக்கத்து விளிம்புதான் கண்ணுக்குத் தெரியும், குண்டு எதிர்ப்பக்கம் போகும். கற்பூரம் கொளுத்தி அந்தக் கரிப்புகையை, மருந்து இல்லாத துப்பாக்கியின் குறியில் படியவிட்டால் துணி மாதிரிக் கறுப்பு கிடைக்கும். தீயும் வெடிமருந்தும் ஒரே அறையில் இருக்கவே கூடாது.

ஃபைபர் குறி, பச்சை சிவப்பாக ஒளிர்வது, மாலையில் உதவும். அட்டையில் துல்லியமாகச் சுட அது பெரிது.

சிவப்புப் புள்ளி காட்டும் ரெட் டாட் கருவி வைத்தால் முன்குறி பின்குறி இரண்டும் ஒழிந்தது. புள்ளி தூரத்தில் இருப்பதுபோலவே தெரியும், தூரப்பார்வைக் கண்ணாடி மட்டும் போதும். புள்ளி நட்சத்திரமாக, வால்முளைத்துத் தெரிகிறது என்றால் செல்போனில் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். படத்தில் வட்டமாக இருந்தால் கருவி நன்றாக இருக்கிறது, கண்ணில் சிலிண்டர் பவர் பாக்கி இருக்கிறது.

டெலஸ்கோப் எல்லாவற்றையும் ஒரே தூரத்தில் கொண்டுவந்து வைக்கும், கண்ணருகே உள்ள வளையத்தைத் திருகி நம் பவருக்குச் சரிசெய்யலாம். கண்ணுக்கு இதைவிட எளிது இல்லை. ஆனால் பழைய வாய்வழித் துப்பாக்கிகளுக்கென்றே 1971-லிருந்து இயங்கும் சர்வதேச அமைப்பின் போட்டிகளில், அந்தக் காலத்துக் குறியோடுதான் சுட வேண்டும். நம் ரைபிள் கிளப்பின் பெரும்பாலான போட்டிகளிலும் டெலஸ்கோப் இல்லை.

வலக்கண் கெட்டு இடக்கண் நன்றாக இருந்தால் துப்பாக்கியை இடத்தோளுக்கு மாற்றலாம் என்று தோன்றும். பழைய துப்பாக்கிகளில் குதிரையும் மருந்தைப் பற்றவைக்கும் கேப்பும் வலப்பக்கம். இடத்தோளில் வைத்தால் பொறி முகத்தின் முன்னால் பறக்கும். பழகப் பல மாதம் ஆகும், பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் தொடங்கவே கூடாது.

எந்தத் தோளானாலும் வில்லை பாலிகார்பனேட். கேப் வெடித்தால் செம்புச் சிதறல் வரும். கண்ணாடி வில்லை உடைந்தால் அதுவே கண்ணுக்குள் போகும். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. விலை குறைக்கச் சொன்னால் குறைக்கிறேன், வில்லையை மாற்ற மாட்டேன்.

*

பவர் பார்ப்பதற்கு முன் செய்ய வேண்டியது. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஊசித்துளை போட்டு, ஒவ்வொரு கண்ணாக அதன் வழியே பஞ்சப்பூர் பஸ் பெயர்ப்பலகையைப் பார்க்கச் சொல்கிறேன். துளை வழியே எழுத்து தெளிந்தால் பெரும்பாலும் பவர் சிக்கல், நான் பார்த்துக்கொள்ளலாம். தெளியவில்லை என்றால் என் கடையில் அவருக்கு வேலை இல்லை, கண் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். திருச்சியில் அதற்குக் குறைவில்லை. ஜோசப் கண் ஆஸ்பத்திரி 1934-லிருந்து இருக்கிறது.

ஜன்னல் கம்பியை ஒற்றைக் கண்ணால் பார்க்கும்போது நேர்க்கம்பி நடுவில் வளைந்து தெரிந்தால் அன்றைக்கே போக வேண்டும். விழித்திரையின் நடுப்பகுதி கெடுகிறது என்று பொருள்.

கண் நீர் அழுத்தம் இன்னும் மோசம். நடுப்பார்வை கடைசிவரை நன்றாக இருக்கும். ஓரப்பார்வை சத்தமில்லாமல் போகும். அப்படிப்பட்டவர் அட்டையின் நடுவில் அருமையாகச் சுடுவார். பக்கவாட்டில் வரப்பில் நடந்துவரும் ஆள் அவருக்குத் தெரிய மாட்டார். 2019 திருத்தத்துக்குப் பிறகு துப்பாக்கி உரிமம் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். அறுபது தாண்டிய கண்ணுக்கு 5 ஆண்டு மிக நீளம். வருடத்துக்கு ஒருமுறை அழுத்தமும் ஓரப்பார்வையும் பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன், கேட்காதவர்களுக்கும் சொல்கிறேன்.

*

கண்புரை வந்தவர்களுக்கு நல்ல செய்தி. 1949-ல் லண்டனில் ஹரால்டு ரிட்லி முதன்முதலாகச் செயற்கை வில்லையைக் கண்ணுக்குள் வைத்தார். போர் விமானிகளின் கண்ணுக்குள் போன விமானக் கூண்டின் பிளாஸ்டிக் சில்லு உறுத்தாமல் கிடந்ததைப் பார்த்து வந்த யோசனை. வெளிநாட்டு வில்லையின் விலை நம் ஏழைகளுக்கு எட்டாமல் இருந்தது. மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனைக்காரர்கள் 1992-ல் ஆரோலேப் தொடங்கி இங்கேயே செய்ய ஆரம்பித்த பிறகுதான் எட்டியது.

ஆபரேஷனுக்கு முன் டாக்டரிடம் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்: எந்தக் கண்ணால் குறிபார்க்கிறேன், முன்குறி எத்தனை சென்டிமீட்டரில் இருக்கிறது. சொன்னால்தான் அவருக்குத் தெரியும். வழக்கமான ஒற்றைத்தூர வில்லையைத் தூரத்துக்கு வைத்தால் சுடும்போது மேலே +0.50 கண்ணாடி. பல தூர வில்லைகள் சிலருக்கு விளக்கைச் சுற்றி வளையம் காட்டும். வெளிச்சத்துக்கு எதிரே குறிபார்ப்பவர் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும். ஐசி-8 என்று ஒரு வில்லை வந்திருக்கிறது. அதன் நடுவில் 1.36 மி.மீ. துளை, சுற்றிலும் கறுப்பு வளையம். டேப்பில் குத்தும் அதே ஓட்டை கண்ணுக்குள்ளேயே.

*

பார்வை முற்றிலும் போனவர்களும் சுடுகிறார்கள். பாரா விளையாட்டில் அவர்களுக்கென்று தனிப் பிரிவு. குழல் அட்டையின் நடுவை நெருங்க நெருங்கக் காதுக்கருவியில் சுருதி ஏறும். உச்சத்தில் விசையைத் தட்டுவார்கள். ஏர் ரைபிள், அடைத்த கூடம், பக்கத்தில் உதவியாளர். அங்கே அது சரி. வரப்போரத்தில், எதிரே எது அசைகிறதென்று சொல்ல முடியாத கண்ணோடு மருந்து கெட்டிக்கவே கூடாது. பச்சைமலைப் பெரியவரிடமும் இதைச் சொன்னேன். "அட்டைக்கு மட்டும்தான் தம்பி, பன்னிக்குத் தகரத்தைத் தட்டினாப் போதும்" என்றார்.

*

அவருடைய கண்ணாடி வியாழக்கிழமை தயாராகும். வாங்க வரும்போது நூலையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். தடித்த குளிர்காலச் சட்டை போட்டால் கட்டை முன்னே தள்ளிப்போய் 118 மாறும், இன்னொரு முறை அளக்க வேண்டும். வலது வில்லை மையம் மூக்குப்பக்கம் 4 மி.மீ., மேலே 5 மி.மீ. இடதுக்கு மங்கல் மறைப்பு, கழற்றி மாட்டும்படி.